மழை அளந்த பிள்ளை

அத்தியாயம் 18

போன கிழமை நாம் விட்டுவந்த வீட்டில் ஒன்றும் மாறிவிடவில்லை. கண்டிக்குப் பக்கத்துக் குண்டசாலையில் சண்முகநாதனின் இரண்டு அறை வாடகை வீடு. அவனுடைய அக்கா சுப்பம்மாவும் அவளுடைய இரண்டு பிள்ளைகளும் இன்னும் ஒரே பாயில்தான் படுக்கிறார்கள். ஹேவாஹெட்டப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடுகளான கீழ் லயத்தை மண் மூடி இன்றைக்கு நாற்பத்து நாலு நாள். போனது ஒன்பது உயிர். அதில் ஒன்று சுப்பம்மாவின் புருஷன் இராமகிருஷ்ணன்.

மூத்தவள் லோஜினிக்குப் பதினைந்து வயது. சாப்பிடச் சொன்னால் சாப்பிடுவாள், படுக்கச் சொன்னால் படுப்பாள். கேட்ட கேள்விக்கு மேல் ஒரு சொல் வராது. மழை என்று யாராவது வாய் தவறிச் சொன்னால் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுவாள்.

புதுப் பள்ளிக்கூடத்தில் றமீலா டீச்சர் சுப்பம்மாவைத் தனியே கூப்பிட்டு ஒன்று சொல்லியிருந்தார்.

"பிள்ள எப்பயாவது வாயத் தொறக்கும். அந்த நேரம் நீங்க தொறக்காதீங்க. கேட்டுக்கிட்டு மட்டும் இருங்க."

சுப்பம்மா தலையாட்டிவிட்டு வந்தாள். இது என்ன பெரிய வேலை என்றுதான் அவள் நினைத்தாள்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. வியாழன் பொங்கல். தெருவில் அங்கங்கே முற்றம் கழுவிக் கொண்டிருந்தார்கள். இந்த வீட்டில் இந்த வருஷம் பானை ஏறாது.

சண்முகநாதன் காலையிலேயே தன் சட்டத்தை நடைமுறைப்படுத்திக் கொண்டிருந்தான். வீட்டுக்குள் செய்தி வரக் கூடாது, அவ்வளவுதான் சட்டம். டிவி ரிமோட்டை அரிசி டின்னுக்குள் புதைத்தான். போனைச் சத்தமில்லாமல் ஆக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். அவன் ஓட்டும் ஆட்டோவில் ரேடியோ வயரை ஏற்கெனவே பிடுங்கியாயிற்று.

"மாமா, ரிமோட் அரிசி டின்னுலதானே இருக்கு?" என்றான் இளையவன் இளங்கோ. அவனுக்கு எட்டு வயது.

"எந்த ரிமோட்டு? நம்ம வீட்ல ரிமோட்டே கெடையாதே."

"நேத்து சோத்துல பேட்டரி வாசம் வந்துச்சு."

"அது பேட்டரி இல்லடா. உங்கம்மா சமையல்."

குசினியில் நின்ற சுப்பம்மாவுக்குச் சிரிப்பு வந்து தொண்டைவரை ஏறியது. அங்கேயே நின்றுவிட்டது.

லோஜினி சுவரோரமாக உட்கார்ந்து தம்பியின் வெள்ளைச் சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள். அவள் நிமிரவே இல்லை.

"மாமா, நம்ம வீட்டுக்குப் பின்னாடி இருக்கே, அது மலையா?"

"அது மேடுடா. மலைன்னா எவ்வளவு பெருசா இருக்கணும்!"

"எங்க லயத்துக்குப் பின்னாடி இருந்ததையும் அப்பா மேடுன்னுதான் சொன்னாரு."

சண்முகநாதன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தான். சுப்பம்மா அடுப்பில் இல்லாத எதையோ கிண்டினாள்.

"சரி, ஐஸ்கிறீம் வாங்கப் போவமா?" என்றான் மாமா.

அவனுக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான். இந்த நாற்பத்து நாலு நாளில் இளங்கோ தின்ற ஐஸ்கிறீம், அவன் பிறந்ததிலிருந்து தின்றதைவிட அதிகம். அவனும் பாவம், மாமாவின் மனம் நோகக் கூடாதென்றுதான் தின்றான்.

பதினொரு மணி இருக்கும். கேட்டில் யாரோ தட்டினார்கள்.

வந்தவர் கறுப்பையா. கீழ் லயத்தில் மூன்றாம் காம்பரா அவருடைய வீடு. மனைவி ராக்கம்மாவையும் கைக்குழந்தையையும் அதே இரவில் பறிகொடுத்தவர். விடியற்காலையில் மண்ணைத் தோண்டி அவரையும் ஆறு வயது மகள் தர்ஷிகாவையும் உயிரோடு எடுத்தார்கள். அப்பனும் மகளும் இன்னும் தோட்டப் பள்ளிக்கூடத்து முகாமில்தான் இருக்கிறார்கள். நிவாரணத்தில் கிடைத்த பெரிய சட்டையைப் போட்டு, கையை மூன்று மடிப்பு மடித்துவிட்டிருந்தார். கக்கத்தில் பேப்பர் சுற்றிய நீளமான ஏதோ ஒன்று இருந்தது.

"வாங்கண்ணே, உள்ள வாங்க. சொல்லாம கொள்ளாம வந்து நிக்கிறீங்க!"

"சொல்றதுக்குப் போன் வேணுமே தங்கச்சி. கண்டியில பஸ் மாறி, நாலு பேர்கிட்ட விசாரிச்சு வந்து சேந்தேன். நல்ல எடந்தான். கொழாயில தண்ணி வருதா?"

"வருதுண்ணே."

"எங்களுக்குத் தண்ணி பவுசர் வண்டி வந்தாத்தான்." கதிரையின் நுனியில் உட்கார்ந்தார். சுப்பம்மா நீட்டிய பால் விடாத பிளேன்டியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். "லோஜி எங்க? அட, இங்கதான் இருக்கியா? என்ன பிள்ள, மாமாவ வாங்கன்னு கேக்கமாட்டியா?"

"வாங்க மாமா," என்றாள் லோஜினி.

கறுப்பையா பேப்பரைப் பிரித்தார். உள்ளே ஒரு பிளாஸ்டிக் குழாய். கண்ணாடிபோல் தெளிவு. பக்கவாட்டில் மஞ்சள் கோடு, அதற்கு மேல் செம்மஞ்சள் கோடு, எல்லாவற்றுக்கும் மேலே சிவப்புக் கோடு.

இதைப் பார்த்திராதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். மழைமானி என்பது இதுதான். மண் சரியும் என்று பயமுள்ள இடங்களில் அதிகாரிகள் கொண்டுவந்து நட்டுவிட்டுப் போவார்கள். எத்தனை மில்லிமீற்றர் பெய்திருக்கிறது என்று ஒருவர் பார்த்து மற்றவர்களுக்கு அறிவிக்க வேண்டும். சிவப்புக் கோடு நூற்றைம்பதில் இருக்கும். தண்ணீர் அதைத் தொட்டால் எல்லாரும் லயத்தை விட்டுக் கிளம்பிவிட வேண்டும்.

கீழ் லயத்தில் அந்தப் பொறுப்பு லோஜினிக்கு. கண்டிக்குக் கூட்டிப்போய் இரண்டு நாள் பயிற்சியும் கொடுத்திருந்தார்கள். கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பரா முற்றத்தில் நின்று அளவைப் பார்ப்பாள். அப்பாவின் போனிலிருந்து லயத்து வட்ஸ்அப் குழுவுக்கு ஒரு எண்ணை அனுப்புவாள். அந்த எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் லயம் தூங்கும்.

"ஆபீஸ்காரங்க புதுசு ஒண்ணு குடுத்திருக்காங்க," என்றார் கறுப்பையா. "கேம்புக்கு மேலயும் வெடிப்பு இருக்காம். யாரு பாக்கப் போறீங்கன்னு கேட்டாங்க. எல்லாரும் ஒரே வாயா ராமகிருஷ்ணன் மக பாக்கட்டும்னுட்டோம்."

லோஜினியின் ஊசி நின்றது.

"பெரியவங்க நாங்க எப்படியோ கெடப்போம். சின்னதுகதான் தூங்குதில்ல. தகரத்துல ஒரு சொட்டு விழுந்தாப் போதும், நம்ம தர்ஷி எந்திரிச்சு உக்காந்துக்கும். 'லோஜி அக்கா எவ்வளவு போட்டாங்க'ன்னு கேக்கும். நான் இருபதுன்னுவேன், முப்பதுன்னுவேன். என் மூஞ்சியப் பாத்துட்டு, 'பொய் சொல்றீங்க அப்பா'ன்னு அழும். ஒண்ணு அழுதா ஒம்பதும் அழும். லோஜி வந்து ரெண்டு கிழம இருந்து, அது வாயால நம்பர் சொன்னாப் போதும். பிள்ளைக தூங்கிரும்."

சண்முகநாதனுக்கு முகமெல்லாம் வெளிச்சம். "பாத்தியா லோஜி! தோட்டமே உன்னையத்தான் நம்புது! போய்ட்டு வாயேன். உனக்கும் ஒரு மாறுதலா இருக்கும்."

லோஜினி ஊசியைச் சட்டையில் குத்தி வைத்தாள். சட்டையை மடித்தாள். எழுந்து பின்னாலிருந்த குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"பிள்ளைக்கு வெக்கம்," என்று சிரித்தான் சண்முகநாதன். "டேய் இளங்கோ, வாடா. கடைக்குப் போய்க் கறுப்பையா மாமாவுக்குச் சோடாவும் கொஞ்சம் கருவாடும் வாங்கிட்டு வருவோம். அண்ணே, நீங்க சாப்பிட்டுட்டுத்தான் போகணும்."

ஆட்டோ கிளம்பிப் போனது.

குளியலறையில் குழாய்த் தண்ணீர் வாளியில் விழும் சத்தம் கேட்டது. வாளி நிறையும் சத்தம் கேட்டது. நிறைந்து தரையில் வழிந்த பிறகும் குழாய் மூடப்படவில்லை.

சுப்பம்மா போய்க் கதவைத் தட்டினாள். "லோஜி. தண்ணி வீணாப் போகுது பாரு."

"அம்மா." கதவுக்கு அந்தப் பக்கம், மிகக் கிட்டே குரல் கேட்டது. "பக்கத்துல யாராச்சும் இருக்காங்களா?"

"நாந்தான் இருக்கேன்."

"நான் அங்க போகமாட்டேன்."

"போக வேணாம் சாமி. யாரு உன்னப் போகச் சொன்னா?"

"அதில்லம்மா. அன்னைக்கு நான் போட்டது பொய்."

சுப்பம்மாவுக்குப் புரியவில்லை. "எது பொய்?"

"தொண்ணூத்திரண்டுன்னு போட்டேன்ல. அது தொண்ணூத்திரண்டு இல்ல."

தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. கதவின் அடியால் வந்து சுப்பம்மாவின் காலைத் தொட்டது.

"எவ்வளவு?"

"நூத்தி அறுபத்தெட்டு."

சுப்பம்மா எட்டாம் வகுப்போடு கொழுந்து பறிக்கப் போனவள். ஆனால் நூற்றைம்பதுக்கு மேலே எது, கீழே எது என்று அவளுக்குத் தெரியும்.

"ஒம்பது மணிக்கு இன்னொருக்காப் பாக்கலாம்னு இருந்தேன்மா. இன்னும் ஏறியிருந்தா உண்மையப் போட்டுரலாம்னு நெனச்சேன். தூங்கிட்டேன்." குரல் தட்டுத்தடுமாறவில்லை. பல நாள் மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பழகிய பாடம்போல வந்தது. "அப்பா போன வாங்கிப் பாத்தாரு. 'தொண்ணூத்திரண்டுதானா? அப்ப நான் மாட்டுப்பட்டியில படுத்துக்கிறேன், பசு இன்னைக்குக் கன்னு போட்டுரும்'னாரு. நான் ஒண்ணும் சொல்லல. போர்வைய எடுத்துக் குடுத்தேன்."

சுப்பம்மாவுக்கு அந்தச் சாயங்காலம் கண்முன் வந்தது. அவள் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். பிள்ளை தொப்பலாக நனைந்து, போனைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றது. அப்போது சுப்பம்மா என்ன சொன்னாள்? மாவிலிருந்து கையை எடுக்காமலே சொன்னாள்:

"லோஜி, யோசிச்சுப் போடு. இன்னொரு தடவ ஊரு சிரிக்கிற மாதிரி பண்ணிராத."

அதற்கு ஒரு காரணம் இருந்தது. தீபாவளிக்கு முந்திய நாள் இதே பிள்ளை நூற்றைம்பத்திரண்டு என்று போட்டது. அன்றைக்கு அது சத்தியமான எண். லயமே மூட்டை கட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடியது. முறுக்கு மாவு புளித்தது. பிள்ளைகளின் புதுத்துணி நனைந்தது. ஈரச் சீமெந்துத் தரையில் எல்லாருக்கும் தீபாவளி விடிந்தது. மலையிலிருந்து ஒரு கூழாங்கல்கூட உருளவில்லை.

அன்றிலிருந்து லோஜினிக்குத் 'தீவாளி' என்று பெயராகிவிட்டது. தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில், கொழுந்து நிறுக்கும் மடுவத்தில், பஸ்ஸில் எல்லா இடத்திலும் அதே பேச்சு. "என்ன தீவாளி, பொங்கலாச்சும் வீட்ல வைக்கலாமா, இல்ல அதுக்கும் நம்பர் வச்சிருக்கியா?" பிள்ளை சிரித்துச் சமாளித்தது. தாய்க்குத்தான் தலை நிமிர முடியவில்லை.

இப்போது அந்தத் தாய் குளியலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தப் பக்கம் பிள்ளை காத்துக்கொண்டிருந்தது.

கேட்டுக்கொண்டு மட்டும் இருந்திருக்கலாம். கதவைத் திறக்கச் சொல்லி அந்த ஈரத்தில் உட்கார்ந்து பிள்ளையின் கையைப் பிடித்திருக்கலாம். ஆனால் பத்தடி தள்ளி, முன் அறையில் கறுப்பையா உட்கார்ந்திருந்தார். பெண்டாட்டியையும் பிள்ளையையும் தோண்டியெடுத்த கையோடு உட்கார்ந்திருந்தார்.

"வாய மூடு," என்றாள் சுப்பம்மா. குரல் அவளுடையதாகவே இல்லை. "இத யார்கிட்டயும் சொல்லாத. மாமாகிட்ட சொல்லாத. தம்பிகிட்ட சொல்லாத. செத்தாலும் சொல்லாத. கேட்டுதா?"

தண்ணீர்க் குழாய் மூடப்பட்டது.

"சரிம்மா."

அவ்வளவுதான். நாற்பத்து நாலு நாளாக ஒரு பிள்ளை தன்னந்தனியாகச் சுமந்து வந்ததை ஒரு தரம் கீழே இறக்கி வைக்கப் பார்த்தது. பெற்றவள் அதைத் தூக்கித் திரும்பவும் அதன் தலையிலேயே வைத்துவிட்டாள். நான் சுப்பம்மாவைக் குறை சொல்லவில்லை. பயத்தில் நாமெல்லாரும் இப்படித்தான் செய்வோம். ஆனால் அந்தச் 'சரிம்மா'வை நீங்கள் கேட்டிருந்தால் உங்களுக்கும் சோறு இறங்கியிருக்காது.

சுப்பம்மா முகத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு முன் அறைக்கு வந்தாள்.

"அண்ணே, லோஜியால வரமுடியாது."

"என்னம்மா, மேலுக்கு முடியலியா?"

"இல்ல. பள்ளிக்கூடம் இருக்கு. வருஷக் கடைசியில பெரிய பரீட்ச. இப்பவே ஏகப்பட்ட பாடம் விட்டுப்போச்சு."

"ரெண்டே கிழமதான் தங்கச்சி. நம்ம பள்ளிக்கூடமும் அங்கதானே இருக்கு? டீச்சருங்க இருக்காங்க. நான் என் பிள்ள மாதிரிப் பாத்துக்குவேன்."

"வேணாம்ணே."

"சனி ஞாயிறாச்சும்..."

"வேணாம்னு சொல்றேன்ல! திரும்பத் திரும்பக் கேக்காதீங்க. வேற பிள்ளையப் பாத்துக்கங்க."

கறுப்பையா தம்ளரைக் கீழே வைத்தார். பிறகு குழாயை எடுத்துப் பேப்பரைச் சுற்றத் தொடங்கினார். பேப்பர் கிழிந்தது. கிழிந்த இடத்தை மடித்துச் சுற்றினார்.

"சரிதான். கொழாயில தண்ணி வருது. டைல்ஸ் போட்ட தர. கேம்பு நாத்தத்துக்குள்ள பிள்ளைய அனுப்ப மனசு வருமா?"

"அப்படிச் சொல்லாதீங்கண்ணே."

"வேற எப்படிச் சொல்றது? ராமகிருஷ்ணன நான்தான் தூக்கினேன் சுப்பம்மா. என் ராக்கம்மாவ எடுக்கிறதுக்கு முந்தி உன் புருஷனத்தான் எடுத்தேன், பட்டி கிட்டக்க இருந்ததால. அந்தக் கணக்கெல்லாம் நான் பேச வரல. என் பிள்ள தூங்கணும்னு கேக்க வந்தேன். டவுனுக்கு வந்து ஒன்றரை மாசத்துல நாங்க கசந்துட்டோம்."

சுப்பம்மா தலையைக் குனிந்துகொண்டாள். மறுக்கவில்லை. அவர் அப்படியே நினைத்துக்கொண்டு போகட்டும், போய்விட்டால் போதும் என்று நின்றாள்.

"மாமா."

லோஜினி வாசற்படியில் நின்றாள். பாவாடை முழங்கால்வரை நனைந்திருந்தது.

"உள்ள போடி!" என்றாள் தாய்.

"அம்மா உங்கள ஒண்ணும் அப்படி நெனைக்கல மாமா. நான் போட்டது பொய் நம்பரு. அதனாலதான் அம்மா அனுப்பமாட்டேங்கிறாங்க. அன்னைக்குத் தொண்ணூத்திரண்டு இல்ல. செவப்புக் கோட்டுக்கு மேல இருந்துச்சு."

கறுப்பையாவின் கை பேப்பரின் மேலேயே நின்றது.

"எவ்வளவு?"

"நூத்தி அறுபத்தெட்டு."

தெருவில் மீன்காரரின் மோட்டார் சைக்கிள் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது. கறுப்பையா எழுந்து அறைவார் என்று சுப்பம்மா நினைத்தாள். இரண்டடி எடுத்து வைத்து மகளுக்கு முன்னால் வந்தாள்.

அவர் எழவில்லை.

"ராக்கு மூட்ட கட்டி வச்சிட்டா," என்றார். யாரிடமோ சொல்வது போல இருந்தது. "சாயங்காலமே கட்டிட்டா. பால்மா, சின்னவனோட துணி, ஐடென்டிக் காட்டு எல்லாம் போட்டு. மூணு தடவ கேட்டா, 'லோஜி எவ்வளவு போட்டுச்சு, லோஜி எவ்வளவு போட்டுச்சு'ன்னு. நான்தான் போனப் பாத்து வாசிச்சேன். 'தொண்ணூத்திரண்டாம்டி, மூட்டைய அவுத்துட்டுப் படு'ன்னேன். அவுக்கமாட்டேன்னா. நானே அவுத்துப் போட்டேன்."

லோஜினி அழவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடி விழுந்தால் வாங்கிக்கொள்ளத்தான் வந்து நின்றாள் என்று நினைக்கிறேன்.

"ஏன் பிள்ள?" என்று கேட்டார் கறுப்பையா. "ஏன் கொறச்சுப் போட்ட?"

லோஜினியின் கண் தாயின் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பிவிடக் கூடாதென்று கழுத்தை விறைப்பாகப் பிடித்துக்கொண்டு நின்றதைச் சுப்பம்மா பார்த்தாள்.

"தீவாளிக்கு நாங்க சிரிச்சமே. அதுக்கா?"

லோஜினி தரையைப் பார்த்தாள்.

"அந்தப் பேரு வச்சது நான்தான். தெரியுமா உனக்கு? மொதமொத பஸ்ஸுல வச்சு நான்தான் சொன்னேன், 'தீவாளி வருது, எடம் விடுங்க'ன்னு. எல்லாரும் சிரிச்சாங்க. ராக்கு என் தொடையில கிள்ளினா, 'பிள்ள மூஞ்சியப் பாருங்க'ன்னு."

அவர் எழுந்தார். குழாயைக் கதிரையிலேயே விட்டுவிட்டார். செருப்பைத் தேடாமல் வாசலைத் தாண்டினார்.

"அண்ணே! அண்ணே, நில்லுங்க. நான் ஒண்ணு சொல்லணும்..."

சுப்பம்மா கேட்வரை போனாள். 'நான்தான் சொன்னேன், யோசிச்சுப் போடுன்னு நான்தான் சொன்னேன்' என்ற அந்தச் சொற்கள் நாக்கு வரைக்கும் வந்துவிட்டன. தெருவில் இரண்டு பெண்கள் நின்று பார்த்தார்கள். சொற்கள் திரும்பிப் போய்விட்டன. கறுப்பையா திரும்பிப் பார்க்காமல் வளைவில் மறைந்தார்.

அவருடைய செருப்பு வாசலில் கிடந்தது. வெவ்வேறு சோடியிலிருந்து வந்த இரண்டு செருப்பு.

உள்ளே வந்தபோது லோஜினி குளியலறைத் தண்ணீரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சுப்பம்மா அந்த ஈரத்திலேயே உட்கார்ந்தாள். துணியை வாங்கப் பார்த்தாள். பிள்ளை கொடுக்கவில்லை.

"லோஜி. அன்னைக்கு... மாவு பெசையும்போது... நான் உன்கிட்ட ஒண்ணு சொன்னேன்."

"தெரியும்மா."

"ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"அவரு கேட்டாரே. ஏன் அத சொல்லல?"

லோஜினி துணியை வாளிக்குள் பிழிந்தாள்.

"நான் சொல்லிட்டா, காரணம் நீங்கதான்னு உங்களுக்கும் தெரிஞ்சிரும்ல."

எனக்குத் தெரிந்து, ஒரு பிள்ளை தாயிடம் சொல்லக் கூடாத வார்த்தை அது. சொல்லும்படி எந்தப் பிள்ளைக்கும் ஆகக் கூடாது. அப்பா போனதிலிருந்து ஒரே பாயில், தாயின் முதுகைப் பார்த்துப் படுத்துக்கொண்டு, அந்தப் பிள்ளை தாய்க்காகவும் சேர்த்து முழித்திருக்கிறது. சுப்பம்மா அதை ஆறுதலாக அணைத்துக்கொண்டாள் என்று எழுத எனக்கும் ஆசைதான். அவளால் கையைத் தூக்க முடியவில்லை. இருவரும் எதிரெதிரே ஈரத்தரையில் உட்கார்ந்திருந்தார்கள்.

ஆட்டோ வந்து நின்றது.

"எங்க ஆளு?" சண்முகநாதன் சோடாப் போத்தலோடு நின்றான். "செருப்பு இருக்கு, ஆளக் காணோம்!"

சுப்பம்மா சொன்னாள். எல்லாவற்றையும் சொல்லவில்லை. அவர் கோபித்துக்கொண்டு வெறுங்காலோடு போய்விட்டார் என்று மட்டும் சொன்னாள். அவன் தமக்கையின் முகத்தையும் மருமகளின் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தான். அவன் கெட்டிக்காரன் இல்லை, ஆனால் முகம் பார்க்கத் தெரிந்தவன். சோடாவை வைத்துவிட்டு மறுபேச்சில்லாமல் ஆட்டோவைத் திருப்பினான்.

இருபது நிமிஷத்தில் திரும்பி வந்தான். உள்ளே வராமல் கேட்டிலிருந்தே கூப்பிட்டான்.

"அக்கா. பஸ் நிக்கிற ஹோல்ட்ல இல்ல. கண்டி பஸ்ஸ மறிச்சு ஏறிப் பாத்தேன், அதிலயும் இல்ல. சந்திக் கடைக்காரரு சொல்றாரு, வெறுங்காலோட ஒருத்தர் ஆத்துப் பக்கமா எறங்கிப் போனாராம். கூப்பிட்டதுக்குத் திரும்பிப் பாக்கலியாம்."

மகாவலி ஆறு அந்தத் தெருவின் முடிவிலிருந்து ஒரு கிலோமீற்றர்கூட இல்லை. மண்ணைச் சரித்த அந்தப் புயலுக்குப் பிறகு ஆறு இன்னும் கலங்கல்தான்.

"வேற யாராச்சுமா இருக்கும்," என்று தானே சொல்லிக்கொண்டான். "சும்மா காத்து வாங்கப் போயிருப்பாரு. நான் போய்ப் பாத்துட்டு வாறேன். நீங்க ஒண்ணும்..."

லோஜினி ஏற்கெனவே ஆட்டோவுக்குள் ஏறி உட்கார்ந்திருந்தாள். மடியில் அந்த இரண்டு செருப்பும் இருந்தன.

"நீ எறங்கு லோஜி. இதெல்லாம் நீ பாக்க வேணாம்," என்றான் மாமா. "அக்கா, சொல்லுங்க."

சுப்பம்மா இளங்கோவின் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்ப் பக்கத்து வீட்டு ஜஹானாவிடம் விட்டாள். "கறுப்பையா மாமாவத் தேடப் போறோம். எங்க இருக்காருன்னு எங்களுக்கும் தெரியாது. தெரிஞ்சதும் வந்து சொல்றேன்," என்று அவனிடம் சொன்னாள். அவன் கண்ணைக் கொட்டாமல் தாயைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினான்.

அவள் வந்து மகளுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள்.

ஆட்டோ ஆற்றுப் பக்கமாக இறங்கியது. வலப்பக்கத்து மதில்களையும் ஒழுங்கைகளையும் சுப்பம்மா பார்த்துக்கொண்டு வந்தாள். இடப்பக்கத்தை லோஜினி பார்த்தாள். தெருவில் போன ஒவ்வொரு ஆணின் முதுகும் அவருடையதாகத் தோன்றி, கிட்டே போனதும் வேறு யாருடையதாகவோ ஆனது.

வீடுகள் முடிந்து மூங்கில் புதர் தொடங்கிய இடத்தில் சண்முகநாதன் எஞ்சினை நிறுத்தினான். அதற்கு மேல் பாதை இல்லை. ஆற்றின் இரைச்சல் கேட்டது.

லோஜினி செருப்புகளை எடுத்துக்கொண்டு இறங்கினாள். சுப்பம்மா அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அவரக் கண்டா," என்றாள், "நீ வாயத் தொறக்காத. மொதல்ல நான் சொல்றேன்."